புழுவுக்கு வந்த காக்கா

நிற்கட்டும். நன்றாக நிற்கட்டும். ஆடி வெயில் அந்த வழுக்கை மண்டையில் நேராக இறங்கட்டும். மேலேயிருந்து பார்த்தால் எங்கள் கட்டடத்துச் செக்ரட்டரி திருவேங்கடம் என்கிற ஆள் ஒரு வழுக்கையும் இரண்டு தோளும் தோளில் ஓர் ஈரத் துண்டும்தான், மீதி எதுவும் தெரியாது, எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. சுவருக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு கா... கா... கா... என்று கூப்பிடுகிறார். முதல் மாடியில் அவர் பால்கனிக்கு வெளியே இருக்கிற ஏசி பெட்டியின் தலையில் வாழையிலைத் துண்டு, அதில் சோறு, பருப்பு, நெய், வாழைக்காய்ப் பொரியல், ஓரத்தில் ஒரு வடை. அமாவாசைப் படையல். காக்கா வந்து வாய் வைத்தால்தான் வீட்டில் இலை போடுவார்கள். அவருக்கு நேர் மேலே, இரண்டாவது மாடியில், என் பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்து நான் முதல் பானையின் மூடியைத் திறக்கிறேன். பால்கனி என்று பேர்தான், ஒரு பாய் விரித்தால் முடிந்துவிடும். அதில் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று மண்பானை, வாளியில் தேங்காய் நார்த்தூள், பாட்டிலில் புளித்த மோர், நான் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்த காலத்துப் பெரிய கத்தரிக்கோல். துணி வெட்டிய கத்தரி இப்போது பூசணித் தோலை வெட்டுகிறது. பெரிய துண்டாகப் போட்டால் அழுகும், சின்னதாக நறுக்கிப் போட்டால் மட்கும், அழுகுவதற்கும் மட்குவதற்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அழுகினால் வாடை வரும், ஈ வரும், செக்ரட்டரி வருவார். மட்கினால் மண் வரும். நான் ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பார்க்கிறேன். சொட்டக் கூடாது, உதிரவும் கூடாது, பிடி கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். நிற்கிறது. கீழே அவரும் நிற்கிறார்.

எலியாம். என் பானையால் எலி வருகிறதாம். எலி எதைத் தேடி வரும் என்று இந்த மனிதருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சமைத்த சோறு, நெய், வடை, மீன் முள், எண்ணெய்ப் பசை, இதற்குத்தான் எலி வரும். இதில் ஒன்றைக்கூட நான் பானையில் போட்டதில்லை. மிஞ்சின ரசஞ்சாதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நானே தின்றிருக்கிறேன், பானைக்குக் கொடுத்ததில்லை. காய்த் தோல், கீரைத் தண்டு, வடிகட்டின டீத்தூள், வாடின பூ. போட்டவுடன் மேலே ஒரு கை நார்த்தூள், தெரியாத அளவுக்கு மூடி. வாரத்துக்கு ஒரு தடவை மோர். மூடிக்குக் கீழே பழைய வாயில் புடவைத் துண்டை இழுத்துக் கட்டியிருக்கிறேன், ஈ நுழையாது. அடிப்பானைக்குக் கீழே செங்கல், செங்கல்லுக்கு மேலே கம்பி வலை. எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், தண்ணீர் தெளிப்பேன். இவ்வளவும் நான் செய்துகொண்டிருக்க, செக்ரட்டரி என் வாசலில் வந்து நின்று, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, "டீச்சர், பைப் வழியா எலி ஏறுது, என் வீட்டைத் தாண்டித்தான் உங்க வீட்டுக்கு வருது" என்றார். பொத்திக்கொண்ட மூக்குக்கு என்ன தெரியும்? எலி அவர் வீட்டைத் தாண்டி வருவதில்லை. அவர் வீட்டோடு நின்றுவிடுகிறது. தினமும் காலையில் குளித்துவிட்டு அதே ஏசி பெட்டியின்மேல் சோறு வைக்கிறார், அம்மாவுக்கு. போன வருஷம் போன அம்மா. வைத்துவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போய்விடுவார். சாயங்காலம் வந்தால் இலை சுத்தமாக இருக்கும். "எங்கம்மா ஒரு பருக்கை விடாம சாப்பிட்டுட்டுத்தான் போறாங்க" என்று லிஃப்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். மேலே உட்கார்ந்திருக்கிற எனக்குத்தானே தெரியும் யார் சாப்பிடுகிறார்கள் என்று. கொழுத்த பெருச்சாளிக் குட்டி ஒன்று, பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி, முதலில் நெய் பட்ட இடத்தை நக்கி, பிறகுதான் சோற்றுக்கு வரும். நல்ல ருசி அதற்கு.

வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். என் போனில் இருக்கிறது. எலி, இலை, சோறு, பின்னால் அவர் வீட்டுக் கொடியில் அவருடைய கட்டம் போட்ட லுங்கி, எல்லாம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் மீட்டிங். கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார்கள், அவர் கனைத்துக்கொண்டு எழுந்து, இரண்டாவது மாடி டீச்சர் வீட்டுக் குப்பை விஷயம் என்று ஆரம்பிப்பார். ஆரம்பிக்கட்டும். நான் குறுக்கே பேச மாட்டேன். கடைசியில் எழுந்து, செக்ரட்டரி சார், உங்க அம்மா தினமும் எப்படிச் சாப்பிடறாங்கன்னு எல்லாரும் பாக்கட்டுமே என்று சொல்லி, போனைத் திருப்பிக் காட்டுவேன். வாலோடு. அந்த முகம் என்ன ஆகும் என்று நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், காய் நறுக்கும்போது, பல் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது. ஒவ்வொரு தடவையும் முகம் வேறு மாதிரி விழுகிறது. ஒரு தடவை வெளுத்துப் போகிறது, ஒரு தடவை கோபத்தில் கறுக்கிறது. ஒரு தடவை, அது எனக்குப் பிடிக்காத தடவை, சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிடுகிறது. அதைத் தள்ளிவிட்டு மறுபடி முதலிலிருந்து நினைப்பேன். பானையிலிருந்து கசிகிற கறுப்புத் தண்ணீரை அவர் கொடியில் காய்கிற வெள்ளைச் சட்டைமேல் விடலாம் என்றுகூட யோசித்தேன். அது செடிக்கு அமிர்தம், இவர் சட்டைக்கு எதற்கு வீணாக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

எலிக்காக மட்டும் என்றால் இவ்வளவு எரியாது எனக்கு. பெங்களூரிலிருந்து கதிரவன் போன் பண்ணினான். என் பிள்ளை, ஒரே பிள்ளை. "அம்மா, செக்ரட்டரி அங்கிள் கூப்பிட்டாரும்மா. நீ பால்கனியில குப்பையாச் சேத்து வெச்சிருக்கியாமே. உக்காந்து உக்காந்து அதையே கிளறிட்டு இருக்கியாமே. அதுகிட்டப் பேசறியாமே." பேசுகிறேன்தான். புழுவிடம் பேசுகிறேன், பானையிடம் பேசுகிறேன், டிவி பார்க்கிறவர்கள் டிவியைத் திட்டுவதில்லையா? "குப்பை சேக்கறது ஒரு வியாதியாம்மா, நெட்ல போட்டிருக்கான்." வியாதி. நான் போட்ட டீயைக் குடித்து வளர்ந்த பிள்ளை எனக்கு வியாதி என்கிறான். அப்புறம் மெதுவாக, மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுக்கிற மாதிரி, "அவங்க அம்மா கடைசியா இருந்தாங்களே ஒரு ஹோம், ரொம்ப நல்லா இருக்குமாம்மா. பச்சைப் பசேல்னு. நீகூட அங்க செடி வளக்கலாம்" என்றான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது இந்த வழுக்கை மண்டைக்குள் என்ன ஓடியிருக்கிறது என்று. தன் அம்மாவை அனுப்பின இடத்துக்கே என்னையும் அனுப்பப் பார்க்கிறார். அவர் அம்மா ரங்கம்மாளை எனக்குத் தெரியும். போகிற அன்றைக்கு, கார் வந்து நிற்கும்போதுகூட, அந்தம்மா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். "ரெண்டு நாள்ல வந்துருவேன் டீச்சர், இந்தத் தண்டெல்லாம் உங்க பானையில போட்டுக்குங்க" என்று என்னிடம் கொடுத்தாள். வரவில்லை. தண்டு மட்கி, மண்ணாகி, என் கறிவேப்பிலைத் தொட்டியில் இருக்கிறது. நான் போக மாட்டேன். இந்த வீட்டின் ஒவ்வொரு ஜன்னல் கம்பியும் என் சம்பளத்தில் வந்தது. நானும் எங்க வீட்டுக்காரரும், தபால் ஆபீஸில் வேலை பார்த்துக் கறுப்புச் சட்டையிலேயே காலத்தை ஓட்டின மனிதர், குடிவந்தபோது இங்கே மின்விசிறிகூடக் கிடையாது. போன மாசம் கதிரவன் அனுப்பினானென்று ஓர் ஆள் வந்தான், சுவரில் கசிவு இருக்கிறதா பார்க்கணும் என்று எல்லாச் சுவரையும் தட்டித் தட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டான். கசிவே இல்லை, நானே சொன்னேன், டீ போட்டுக் கொடுத்தேன். இந்த வீட்டில் நான் சாக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அதற்கு நடுவில் வந்து நிற்கிறவர் இந்தத் திருவேங்கடம். சாயங்காலம் மீட்டிங்கில் எல்லாரும் சேர்ந்து குப்பை, எலி, டீச்சருக்கு முடியவில்லை என்று முடிவு கட்டிவிட்டால், சனிக்கிழமை கதிரவன் வந்து நிற்பான், பெட்டியோடு.

கா... கா... குரல் கொஞ்சம் உடைகிறது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து கூப்பிடலாமே. காக்கா வராமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார் போலிருக்கிறது. எங்கிருந்து வரும் காக்கா? காம்பவுண்டு ஓரத்தில் வாதாமரம் ஒன்று இருந்தது. ஒரு கட்டடம் அளவுக்கு நிழல். விடிந்தால் காக்காக் கச்சேரி. எனக்கு அந்த மரம்தான் நார்த்தூள், அந்த மரம்தான் கடை. சருகைப் பொறுக்கி வந்து நொறுக்கிப் போடுவேன், பானை வாடையே இல்லாமல் கிடக்கும். இந்தச் செக்ரட்டரி வந்ததும் முதல் வேலை, காரெல்லாம் காக்கா எச்சமாகிறது என்று சொல்லி அதை வெட்டினார். மூன்று பேர் மிஷினோடு வந்தார்கள், மத்தியானத்துக்குள் மரம் இருந்த இடத்தில் வெயில் இருந்தது. காக்காக்கள் ஒரு நாள் முழுக்க மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின, அப்புறம் எங்கோ போய்விட்டன. சருகு இல்லாமல் எனக்கு நாலு நாள் பானையில் ஈரம் ஏறி வாடை வந்தது உண்மை. அந்த நாலு நாளில்தான் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். தானே மரத்தை வெட்டி, தானே காக்காவை விரட்டி, இன்றைக்குத் தானே நின்று கா கா என்கிறார். எச்சத்துக்குப் பயந்தவர்களுக்குக் காக்கா வருமா? கார் கூப்பிட்டால் வரும், காரைக் கூப்பிடட்டும். எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தால் இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். அவருக்கு நாங்கள் சோறு வைப்பதில்லை. இருக்கும்போது கேட்டதைச் சமைச்சுப் போடு நீலா, செத்ததுக்கு அப்புறம் காக்காவை ஏன் தொந்தரவு பண்றே என்பார். அவர் பெற்ற பிள்ளை பெங்களூரில் மாமனாருக்கு மட்டும் அமாவாசை தவறாமல் இலை போடுகிறான், மருமகள் வாட்ஸப்பில் படம் அனுப்புகிறாள். அப்பாவுக்கு ஏன் இல்லை என்று கேட்டால், அது அவர் கொள்கை என்கிறான்.

இதோ வந்துவிட்டது. இதுதான் எனக்கு இன்றைக்கு வேண்டியிருந்தது. மரம் போன பிறகும் இந்தப் பக்கத்தை விடாத ஒரே ஒரு காக்கா, ஒரு கால் விரல் மடங்கியிருக்கும், கம்பியில் சாய்ந்தாற்போல்தான் உட்காரும். சோற்றுக்கு வருகிற காக்கா இல்லை இது. நான் பானையைத் திறந்தால் வரும். இரண்டாவது பானையில் புழு இருக்கும், கொழுகொழுவென்று பழுப்பாக, அரிசி மாதிரி இல்லை, அதைவிடத் தடியாக. பார்த்தவர்கள் அருவருப்பார்கள். நான் அருவருக்க மாட்டேன், அது தோலையெல்லாம் தின்று தீர்க்கிற வேலைக்காரப் புழு, அது இருந்தால் வீட்டு ஈ அண்டாது. அளவுக்கு மேல் பெருகினதைப் பொறுக்கிக் கொட்டாங்கச்சியில் போட்டுக் கம்பியோரம் வைப்பேன். காக்கா வந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். இன்றைக்குக் காலையிலிருந்து வேண்டுமென்றே திறக்கவில்லை. அவர் குளித்து, படைத்து, ஈரத் துண்டோடு வந்து நின்ற பிறகுதான் திறந்தேன். வா. சாப்பிடு. பொறுமையாகச் சாப்பிடு. ஒன்று, இன்னொன்று. காக்கா தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டுக் கொத்துகிறது. கீழே நெய் சோறு காய்ந்துகொண்டிருக்கிறது, மேலே உனக்கு விருந்து. இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்து எவ்வளவு நாள் ஆகிறது. நெஞ்சு குளிர்கிறது, பொய் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி புனிதாவின் குரல். "ஏங்க, சுகர் மாத்திரை போட்டாச்சுல்ல? மணி என்ன ஆகுது? ரெண்டு வாய் மட்டும் சாப்பிட்டு வந்து நில்லுங்க. சாமி ஒண்ணும் சொல்லாது." இவர், "சாமி சொல்லாதுடி, அம்மா சொல்லுவா" என்கிறார். மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு நிற்கிறாரா? எங்க வீட்டுக்காரருக்கும் சுகர்தான். ஒரு தடவை ரேஷன் கடை வரிசையில் இப்படி நின்றுவிட்டு, கை நடுங்கி, வேர்த்து, என்னை யார் என்றே தெரியாமல் பார்த்தார், வாயில் வெல்லத்தைத் திணித்தேன். கீழே பார்க்கிறேன். பால்கனிச் சுவரில் ஊன்றின கை லேசாக ஆடுகிறது. ஆடட்டும். என் பிள்ளையிடம் எனக்குப் பைத்தியம் என்று சொன்ன வாய், கொஞ்சம் காயட்டும். காக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புழுவை இரண்டாகப் பிய்க்கிறது. அவர் எதிரே ஆகாயத்தைப் பார்த்து, யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசுகிறார். எனக்குக் கேட்கிறது. இந்தக் கட்டடத்தில் கீழே பேசுவது மேலேதான் வரும். "அம்மா. தினமும் வர்றியே, இன்னிக்கு என்னம்மா? கோவமா? ஒனக்குப் புடிச்ச வாழக்கா பண்ணியிருக்கும்மா. அந்தக் கடைசி ஞாயித்துக்கெழம நான் வரல. டயர் பஞ்சர்னு சொன்னேன். பஞ்சர் இல்லம்மா." நான் கையில் எடுத்த நார்த்தூளைப் போடாமல் வைத்திருக்கிறேன். என்ன நீலாவதி, இளகுகிறாயா? இளகாதே. பஞ்சர் இல்லாமலே போகாதவன்தான் உன்னையும் அங்கே அனுப்பப் பார்க்கிறான். உன்னைப் பார்க்கவும் ஒருத்தன் டயரைச் சொல்லிக்கொண்டு வராமல் இருப்பான். நினைத்ததும் மறுபடி சூடு ஏறுகிறது, நல்லதாகப் போயிற்று.

காக்கா கத்துகிறது, வயிறு நிறைந்த கத்தல். வழுக்கை நிமிர்கிறது. இன்றைக்கு முதல் தடவையாக முகம் தெரிகிறது, வேர்த்து, உதடு வெளுத்து.

"டீச்சர்..."

நான் பூசணித் தோலை நறுக்குகிறேன்.

"டீச்சர், காக்கா உங்க கம்பியிலயா ஒக்காந்திருக்கு?"

"ஆமா."

"கொஞ்சம் இந்தப் பக்கமா வெரட்டி விடுங்களேன். புண்ணியமாப் போவும்."

"வெரட்டினா ஒரேயடியாப் பறந்துடும் சார். இது என் குப்பைக்கு வந்த காக்கா."

குப்பை என்ற சொல் அவர் வாயிலிருந்து எத்தனை தடவை வந்திருக்கும், இன்றைக்கு மேலேயிருந்து விழும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டும்.

"சாயங்காலம் உங்க பானை விஷயத்தை எடுக்கல டீச்சர். அடுத்த மீட்டிங்ல பாத்துக்கலாம்."

"பானை கெடக்கட்டும். உங்க போன் எங்க?"

"போனா? எதுக்கு?"

"என் பையனுக்குப் போடுங்க. நம்பர்தான் உங்ககிட்ட இருக்கே. உங்க அம்மாவுக்குப் புத்தியெல்லாம் தெளிவாத்தான் இருக்கு, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. அடுத்த நிமிஷம் காக்கா கீழ வரும். நான் பொறுப்பு."

இப்படி ஒரு பேரம் என் வாயில் வரும் என்று எனக்கே தெரியாது. வந்தபிறகு, இதைத்தான் இத்தனை நாளும் கேட்க நினைத்தேன் என்று தெரிகிறது. எலி, வீடியோ, மீட்டிங் எல்லாம் வெறும் சருகு, உள்ளே இருந்தது இதுதான். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். "சரி டீச்சர், சாப்பிட்டுட்டுச் சொல்லிடறேன்" என்கிறார். நான், "இப்ப. ஸ்பீக்கர்ல" என்கிறேன். "ஸ்பீக்கர் வேணாம் டீச்சர்." "ஏன் சார், மானம் போகுதா?" மானம் போகட்டும், என் மானம் பெங்களூர் வரைக்கும் போனபோது யார் தடுத்தார்கள்? நான் கொட்டாங்கச்சியைக் காக்காவின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறேன், அவர் பார்க்கும்படியாகவே. உள்ளேயிருந்து புனிதா, "ஒங்களுக்கு மயக்கம் வரப் போவுதுங்க" என்கிறாள். அவர் லுங்கி மடிப்பிலிருந்து போனை எடுக்கிறார். இரண்டு தடவை தப்பாக அமுக்குகிறார். மணி அடிக்கிற சத்தம் சுவர் வழியாக ஏறி வருகிறது. நான் கத்தரியைக் கீழே வைக்கிறேன். பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், என் வயதுக்கு.

"ஹலோ, அங்கிள்." என் பிள்ளையின் குரல், அந்த வழுக்கைக்குப் பக்கத்திலிருந்து. "தம்பி... கதிரவா, ஒண்ணுமில்ல. உங்கம்மா நல்லாத்தான் இருக்காங்கப்பா. புத்தியெல்லாம் ரொம்பத் தெளிவு. குப்பை, எலின்னெல்லாம் நான் சொன்னது தப்பு. வாடைகூட இல்ல. வெச்சிடட்டுமா?" அவசரமாகச் சொல்கிறார், சொல்லி முடித்து உடனே வைத்துவிடப் பார்க்கிறார், விரல் பட வேண்டிய இடத்தில் படவில்லை. அந்தப் பக்கம் கதிரவன் சிரிக்கிறான். "என்ன அங்கிள், கடைசி நேரத்துல கால வாரறீங்க? நான்தான உங்களை அப்படிச் சொல்லச் சொன்னேன். எலி, குப்பைன்னு அசோசியேஷன்லேருந்து பிரச்சனை வந்தாத்தான் அம்மா கெளம்புவாங்க, நான் சொன்னாக் கேப்பாங்களா? ஹோம்ல ரூம் சொல்லியாச்சு. வீடு பாத்துட்டுப் போனவருக்கும் புடிச்சிருக்கு. சாயங்காலம் மீட்டிங்ல மட்டும் நீங்க கொஞ்சம் ஸ்ட்ராங்கா..." போன் நின்றுவிட்டது. நின்றதா, அவர் நிறுத்தினாரா தெரியவில்லை.

ஆடிக் காற்று நார்த்தூளை வாளியிலிருந்து கிளப்பி என் முகத்தில் போடுகிறது. சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்த ஆள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன், நல்லா இருக்கும்மா டீ என்றான். வியாதி என்று நெட்டில் பார்க்கவில்லை, யோசித்து எடுத்த வார்த்தை. பச்சைப் பசேல். நீகூடச் செடி வளர்க்கலாம். எல்லாவற்றையும் ஒருத்தன் உட்கார்ந்து நறுக்கியிருக்கிறான், சின்னச் சின்னதாக, வாடை வராத மாதிரி, ஒவ்வொன்றின்மேலும் ஒரு கை தூளைப் போட்டு மூடியிருக்கிறான். என் பிள்ளைதான், என் கை அவனுக்கு வந்திருக்கிறது. இத்தனை நாள் எந்த மண்டையைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். அது அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. "டீச்சர், அவன் பெத்த புள்ள, கேட்டுக்கிட்டான். எங்கம்மாவ அனுப்பறப்ப எனக்கும் இப்படி யாராவது பேசிக் குடுத்தாத் தேவலைன்னு இருந்துச்சு. அதான் ஒத்துக்கிட்டேன். ஸ்பீக்கர் வேணாம்னேன்ல டீச்சர்." சொல்லும்போதே சுவரில் சாய்கிறார். இவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மரத்தை வெட்டினவர் வெட்டினவர்தான். வீடியோ இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் சொன்ன பேச்சு ஒன்று இருக்கிறதே. கொட்டாங்கச்சியில் இருப்பதிலேயே கொழுத்த புழுவாக ஒன்றை எடுத்து, காக்காவின் கண்ணுக்கு நேராக ஒரு தரம் காட்டி, கம்பிக்கு வெளியே கையை நீட்டி விடுகிறேன். நேராக நெய் சோற்றின் நடுவில் விழுகிறது. கொட்டாங்கச்சியைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொள்கிறேன். காக்கா என்னைப் பார்க்கிறது, கீழே பார்க்கிறது, இறங்குகிறது.

"அம்மா!" என்று கத்திவிட்டார் அந்த மனிதர். "புனிதா, வந்துட்டாடி, அம்மா வந்துட்டா!" இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிடுகிறார், கண்ணிலிருந்து ஒழுகுகிறது. காக்கா சோற்றை இப்படியும் அப்படியும் ஒதுக்கிவிட்டுப் புழுவை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒரு பருக்கை தொடவில்லை. அவருக்கு அது தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை. உள்ளே இலை போடுகிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், "மொதல்ல பாயசம் குடிங்க, கை நடுங்குது பாருங்க" என்கிற சத்தம்.

நான் பூசணித் தோலைப் பானையில் போட்டு, நார்த்தூளைத் தூவி, மோரைத் தெளித்து, வாயில் புடவைத் துண்டை இழுத்துக் கட்டுகிறேன். முடிச்சு சரியாக விழவில்லை, தையல் டீச்சருக்கு. உள்ளே என் போன் அடிக்கிறது. கதிரவனாகத்தான் இருக்கும், அந்தப் பக்கம் நான் இருந்தது அவனுக்கு உறைத்திருக்கும். அடிக்கட்டும். சனிக்கிழமை வருவான், வந்து மணி அடித்தால் கதவு திறக்காது, சாவி என் இடுப்பில் இருக்கிறது, வீட்டை விற்க வேண்டிய கையெழுத்து என் கையில் இருக்கிறது. இப்படியே எத்தனை நாள் முடியும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். என்றைக்காவது நான் போன பிறகு அவனும் வைப்பான். மருமகள் விட மாட்டாள், வாழையிலை வாங்கி வந்து, ஏதோ ஒரு மாடியில், ஏதோ ஒரு பெட்டியின்மேல் வைத்துவிட்டுக் கா கா என்று கூப்பிடுவான். நான் போக மாட்டேன். நெய்யை ஊற்றட்டும், எனக்குப் பிடித்த பூசணிக்காய்க் கூட்டை வைக்கட்டும், பஞ்சர் இல்லம்மா என்று அழட்டும், எதிர்க் கம்பியில் உட்கார்ந்து புழு தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். நிற்கட்டும். தொண்டை வறள நிற்கட்டும். பசி தாங்காதவன் அவன், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தட்டோடு அடுப்பங்கரையில் வந்து உட்காருவான், சோறு வடிக்கிற வரைக்கும் பொறுக்க மாட்டான், கஞ்சியையாவது கொடும்மா என்பான். போன் நின்று மறுபடி அடிக்கிறது. நிற்கட்டும். கொஞ்ச நேரமாவது நிற்கட்டும்.